நாளிட்டு வைத்தல்: செப்பேட்டிலிருந்து ஐநோடு வரை

முஞ்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரம் விஷ்ணு கோயிலின் செப்பேடு, குமரி மாவட்ட வரலாற்றில் ஈடுபாடு கொண்டவர்களுக்குப் புதிதன்று. ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து இடம் பெற்றதையும், அவ்விடத்தில் கோயில் எடுத்ததையும், காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்களுக்கு ஒரு சாலை அமைத்ததையும் சொல்லும் சாசனம் அது. கோபிநாத ராவ் திருவாங்கூர் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியிலேயே அதைப் பதிப்பித்துவிட்டார். சாலை என்றால் கல்விக்கூடமா, படைக்கலப் பயிற்சிக்கூடமா என்ற வழக்கு கவிமணி காலத்திலிருந்து நடந்துவருகிறது. அந்த வழக்கை இங்கே எடுக்கப் போவதில்லை. நமக்கு வேண்டியது அதிலுள்ள தேதி மட்டும்.

மன்னனின் ஆட்சியாண்டோடு அச்செப்பேடு நின்றுவிடவில்லை. கலியுகம் தொடங்கியதிலிருந்து எத்தனை நாள் சென்றது என்ற எண்ணையும் தருகிறது: 14,49,087. வகுத்துப் பார்த்தால் கி.பி. 866 வருகிறது. ஆட்சியாண்டு அரசனோடு போய்விடும். அவன் எப்போது பட்டம் ஏற்றான் என்று தெரியாவிட்டால் 'ஒன்பதாம் ஆண்டு', 'பத்தாம் ஆண்டு' என்பதற்கெல்லாம் பொருளில்லை. ஒரே தொடக்கத்திலிருந்து இடைவிடாமல் எண்ணிய நாள்தொகைக்கு அந்தக் குறை கிடையாது. ஆண்டு, மாதம், திங்கள் பிறப்பு என்ற எந்தச் சிக்கலும் இல்லாத வெறும் எண் அது. கழித்தால் இடைவெளி கிடைக்கும். ஒப்பிட்டால் முன்பின் தெரியும்.

இன்று நம் மேசைமீதுள்ள கணினியும் கையிலுள்ள செல்பேசியும் காலத்தை இப்படித்தான் எண்ணுகின்றன. அவற்றுக்குக் கலியின் தொடக்கம் 1970 ஜனவரி 1. அன்றிலிருந்து சென்ற விநாடிகளின் தொகையே அவற்றின் காலம். 2023 நவம்பரிலேயே அது 170 கோடியைத் தாண்டிவிட்டது. இயங்குதளத்தின் உள்ளீடான கெர்னல் என்னும் பகுதி, ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இந்த எண்ணை இட்டுவைக்கிறது. தமிழ் இலக்கியம் பயிற்றுவிக்கும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். ஏடு பெயர்த்தெழுதிய காலம் போய், நூல்கள் கோப்புகளாக வாழத் தொடங்கிவிட்டன. ஒரு பிரதியின் காலத்தை நிறுவுவதே பாதி ஆய்வு என்றிருக்கும் நம் துறையில், அந்தத் தேதியை யார் எழுதுகிறார்கள், எப்போது எழுதுகிறார்கள், எப்போது எழுதாமல் விடுகிறார்கள் என்பது நம்முடைய கேள்வியும்தான்.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐநோடு' என்றொரு சிறு பதிவு உண்டு. அதிலுள்ள 'ஐ' எதைக் குறிக்கிறது என்று பிற்காலத்தில் கேட்டபோது, தமக்கும் திட்டமாகத் தெரியாது, 'இண்டெக்ஸ்' என்பதாக இருக்கலாம் என்றார் ரிச்சி. பெயரிட்டவர் வாழும்போதே சொற்பிறப்பு தொலைந்துபோவதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. கோப்பின் அளவு, உடையவர், யார் யார் திறக்கலாம், வட்டில் அது எங்கெங்கே கிடக்கிறது, எப்போது மாறியது ஆகிய எல்லாம் ஐநோட்டில் இருக்கும். கோப்பின் பெயர் மட்டும் இராது. பெயர்கள் வேறோர் அடைவில், ஐநோடு எண்ணுக்கு எதிராக எழுதப்பட்டிருக்கும். ஒரே ஐநோட்டுக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருக்கலாம். ஒரே நூலுக்கு இரண்டு பெயர் வழங்கும் நம் மரபறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. அப்போது காலத்தை விநாடியில் அறுபதில் ஒரு பங்காக எண்ணினார்கள். தொடக்கம் 1971 ஜனவரி 1. எண்ணுக்கு ஒதுக்கிய இடமோ 32 பிட்டுகள். அந்த வேகத்தில் ஏறத்தாழ 829 நாளில், அதாவது இரண்டேகால் ஆண்டில், எண் நிரம்பிவிடும். அதனால் தொடக்க நாளையே முன்தள்ள வேண்டியிருந்தது. யுகம் தொடங்கிய நாளை மாற்றிக்கொண்டே போவது எந்தப் பஞ்சாங்கத்துக்கும் கட்டாது. பிறகு முழு விநாடியாக எண்ணுவது, 1970-இலிருந்து எண்ணுவது என்று தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்துக்கும் எல்லை உண்டு: குறியிட்ட 32 பிட் எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை இன்னும் இரண்டு பிட்டுகளைச் சேர்த்து 2446 வரையிலும், எக்ஸ்எஃப்எஸ் 2020-இல் வந்த திருத்தத்தால் 2486 வரையிலும் தள்ளிவைத்திருக்கின்றன.

யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் கோப்புக்கு மூன்று காலங்கள் உண்டு. கடைசியாகப் படித்த நேரம், உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம், ஐநோடே கடைசியாக மாறிய நேரம். மூன்றாவதைப் பலர் கோப்பு 'பிறந்த' நேரம் என்று எண்ணிவிடுகிறார்கள். அது பிழை. கோப்பின் உடைமையாளரை மாற்றினால், உள்ளே ஓரெழுத்தும் மாறாதபோதும் மூன்றாவது காலம் மாறும். நூலைத் திருத்துவது ஒன்று, நூலின் மேலட்டையில் உடையவர் பெயரை அடித்து எழுதுவது வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனியே நாளிட்டார்கள் என்பது மெச்சத்தக்கது. எனினும் மூன்றிலும் 'கடைசி' என்ற சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். நூறு முறை திருத்தியிருந்தாலும் நிற்பது நூறாவது திருத்தத்தின் நேரம் ஒன்றே.

இனிச் சொல்வதே இக்கட்டுரையின் மையம். கோப்பு மாறியது என்பதைக் கெர்னல் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது?

கோட்டாறு கடைத்தெருவின் பழைய கணக்கு முறையை அறிந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். வியாபாரம் நடக்கும்போது கணக்கர் பேரேட்டைத் திறப்பதில்லை. கையருகே இருக்கும் சிட்டையில் அவ்வப்போது குறித்துக்கொள்வார். ஓய்ந்தபின் பேரேட்டில் ஏற்றுவார். கணினியில் வட்டுதான் பேரேடு. அது நிலையானது, ஆனால் மந்தமானது. நினைவகம் வேகமானது, மின்சாரம் போனால் அழிவது. ஆகவே ஐநோட்டின் ஒரு படியை நினைவகத்தில் வைத்துக்கொண்டு எல்லா மாற்றங்களையும் முதலில் அதிலேயே செய்கிறது கெர்னல். நினைவகப் படி மாறி, வட்டிலுள்ள மூலம் பழையதாகவே கிடக்கும்போது அந்த ஐநோடு 'அழுக்கானது' என்று குறியிடப்படுகிறது. சொல் கெர்னல்காரர்களுடையது, மாறியதெல்லாம் அழுக்கு என்னும் பார்வை ஆசாரக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்குப் பழக்கமானதாகவே இருக்கும். ஆதி யூனிக்ஸில் 30 விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு நிரல் எழுந்து, அழுக்கானவற்றையெல்லாம் வட்டில் ஏற்றச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கும். இன்றைய லினக்ஸில் 5 விநாடிக்கு ஒருமுறை எழுந்து பார்க்கிறார்கள். அழுக்காகி 30 விநாடி கடந்தவற்றை ஏற்றுகிறார்கள்.

இதில் இரண்டு நுட்பங்கள் நம்மைக் கவர்ந்தவை. அழுக்கான ஐநோடுகள் வரிசையில் நிற்கின்றன, மூத்தது முன்னால். வரிசையில் நிற்கும் ஐநோடு மறுபடியும் மாறினால் அதைப் பின்னால் தள்ளக் கூடாது; அது முதன்முதலில் அழுக்கான நேரமே கணக்கு. அப்படி இல்லையென்றால், ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் கோப்பு என்றைக்கும் வரிசையின் முன்னால் வராது. எது மிகுதியாக மாறுகிறதோ அதுவே பதிவாகாமல் போய்விடும். இரண்டாவது நுட்பம் முதல் பார்வையில் தலைகீழாகத் தோன்றும். வட்டில் எழுதத் தொடங்குமுன்பே 'அழுக்கு' என்ற குறியை நீக்கிவிடுகிறார்கள். எழுதி முடித்த பிறகல்லவா நீக்க வேண்டும்? அப்படிச் செய்தால், எழுதிக்கொண்டிருக்கும்போதே யாரேனும் ஒரு மாற்றம் செய்திருப்பார். அதற்காக இட்ட குறியையும் சேர்த்து நாம் அழித்துவிடுவோம், அந்த மாற்றம் கேட்பாரற்றுப் போகும். முன்பே நீக்கிவிட்டால், இடையில் வரும் மாற்றம் குறியை மீண்டும் இடும். ஐநோடு திரும்பவும் வரிசைக்கு வரும். ஒன்றுக்கு இரண்டு முறை எழுத நேரலாம். ஆனால் விட்டுப்போகாது.

எல்லா மாற்றமும் ஒரே தரமுடையதன்று என்பதையும் கெர்னல் அறியும். கோப்பு நீண்டுவிட்டது என்றால், புதிய அளவு ஐநோட்டில் ஏறாவிட்டால் எழுதிய பகுதியை எடுக்கவே முடியாது. நேரம் மட்டும் மாறியிருந்தால் உள்ளடக்கத்துக்குச் சேதமில்லை. எனவே அழுக்கிலும் வகை பிரித்து வெவ்வேறு குறிகள் வைத்தார்கள். 'உள்ளடக்கத்தை மட்டும் காப்பாற்றினால் போதும்' என்று ஒரு நிரல் கேட்கும்போது, நேரக்குறிப்பை நினைவகத்திலேயே விட்டுவிட்டு மற்றதை எழுதும் வழியும் உண்டு. காலத்தைப் பற்றிய செய்தி இரண்டாந்தரம் என்பது இங்கே சட்டமாகவே ஆகிவிட்டது. 2015-இல் லினக்ஸ் இன்னும் ஒருபடி போனது: வேறெதுவும் மாறாமல் நேரம் மட்டும் மாறிய ஐநோடுகளுக்குத் தனி வரிசை, விரும்பினால் அவற்றை மணிக்கணக்கில் வட்டுக்கு அனுப்பாமலே வைத்திருக்கலாம். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் நூல் பிழைக்கும், நாள் பிழைக்காது.

மின்சாரம் போவதைக் குறிப்பிட்டோம். எழுதும் வரிசை பற்றிய கவலை முழுவதும் அதிலிருந்து பிறந்தது. ஒரு கோப்பை உருவாக்க ஐநோட்டில் ஒரு மாற்றம், பெயரடைவில் ஒரு மாற்றம், காலியிடப் பட்டியலில் ஒரு மாற்றம் என்று மூன்று இடங்களில் எழுத வேண்டும். நடுவில் இயந்திரம் நின்றுபோனால் பெயர் இருக்கும், பெயருக்குரிய ஐநோடு இராது. 1984-இல் விவரிக்கப்பட்ட பெர்க்கிலி விரைவுக் கோப்பு முறைமை, முக்கியமான மாற்றங்களைக் குறித்த வரிசையில் ஒவ்வொன்றாக வட்டில் எழுதிவிட்டே அடுத்ததற்குப் போனது. பாதுகாப்பு, ஆனால் தாமதம். 1993-இல் வந்த லினக்ஸின் எக்ஸ்ட்2 அந்தத் தாமதத்தைத் துறந்து வேகத்தைத் தேர்ந்தது. விபத்துக்குப் பின் வட்டு முழுவதையும் ஒரு நிரல் துருவிச் சரிபார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். மென்புதுப்பிப்பு என்று கிரெகரி கேங்கரும் யேல் பாட்டும் 1994-இல் முன்வைத்த வழி, எது எதற்குமுன் எழுதப்பட வேண்டும் என்ற சார்பை நினைவகத்தில் குறித்துவைப்பது. அது பெர்க்கிலி மரபில் நிலைத்தது. லினக்ஸ் வேறு வழியில் போனது.

அந்த வேறு வழிக்கு நம் கல்வெட்டுகளில் ஓர் உறவு உண்டு. அரியலூர் மாவட்டத் திருமழபாடியில் வைத்தியநாதர் கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் புதிதாக எடுக்க முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். சுவர்களைப் பிரிக்குமுன் அவற்றிலிருந்த கல்வெட்டுகளை ஒரு புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் ஆணை. பின்னர் ராஜேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. இடிப்பதற்கு முன் எழுது என்பது விதி. 1998-இல் ஸ்டீபன் ட்வீடி லினக்ஸுக்கு வடித்துக் கொடுத்ததும், 2001 நவம்பரில் எக்ஸ்ட்3 என்ற பெயரில் கெர்னலில் சேர்ந்ததும் இதற்கு நெருக்கமான விதியே. செய்யப்போகும் மாற்றங்கள் அனைத்தையும் முதலில் வட்டிலேயே தனியாக உள்ள சிட்டையில் முழுமையாக எழுது. 'முடிந்தது' என்று குறியிடு. பிறகு உரிய இடங்களில் ஏற்று. நடுவில் விபத்து நேர்ந்தால் சிட்டையைப் படித்து மீதியை முடித்துவிடலாம். குறியில்லாத அரைகுறைப் பதிவு தள்ளப்படும். வேற்றுமை ஒன்றையும் சொல்ல வேண்டும். சோழர் புத்தகத்தில் இருந்தது பழைய நிலை. கணினியின் சிட்டையில் இருப்பது புதிய நிலை.

சிட்டை இருந்தும் தவறு நேர்ந்தது. 2009-இல் எக்ஸ்ட்4 புதிதாகப் பரவியபோது, இயந்திரம் நின்று எழுந்தபின் சில கோப்புகள் வெறுமையாகக் கிடப்பதாகப் பலர் முறையிட்டனர். பெயரும் இருந்தது, ஐநோடும் இருந்தது, அளவு சுழியம். கோப்பின் பெயரை மாற்றிய செய்தி சிட்டையில் ஏறிவிட்டது, உள்ளடக்கத்துக்கு வட்டில் இடம் ஒதுக்குவதோ பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. குற்றம் யாருடையது என்று பெரும் வாதம் நடந்தது. நிரல் எழுதியவர்கள் உரிய முறையில் கேட்கவில்லை என்றார் கோப்பு முறைமையைப் பராமரித்த தியடோர் சோ. ஆனாலும் அவரே பொதுவழக்கங்களுக்கு இடம்கொடுத்துத் திருத்தம் செய்தார். இலக்கணம் ஒன்று சொல்ல வழக்கு வேறாக இருந்தால் எது வெல்லும் என்பதற்கு நன்னூல் படித்தவர்களுக்கு விடை தெரியும்.

படித்த நேரத்தைப் பற்றியும் ஒரு வழக்கு. கோப்பைத் திறந்து படித்தாலே 'கடைசியாகப் படித்த நேரம்' மாற வேண்டும். நேரம் மாறினால் ஐநோடு அழுக்காகும். அழுக்கானால் வட்டில் எழுத வேண்டும். படிப்பது ஒவ்வொன்றும் எழுதுவதாகிவிடுகிறது. 2007-இல் இங்கோ மோல்னார் இதைக் கடுமையாகச் சாடினார். கடைசி மாற்றத்துக்குப் பின் முதல்முறையாகப் படித்தால் மட்டும் நேரத்தை மாற்றினால் போதும் என்ற சலுகை அந்த ஆண்டே கெர்னலில் இருந்தது. பழைய குறிப்பு ஒருநாள் கடந்ததாக இருந்தாலும் மாற்றலாம் என்ற விதி சேர்ந்து, 2009-இல் அதுவே இயல்புநிலை ஆயிற்று. ஏட்டுச்சுவடியைப் படிப்பவர் விரல் எண்ணெயும் கறையும் ஓலையில் விட்டுச்செல்வார்; எந்தப் பகுதி மிகுதியாகப் படிக்கப்பட்டது என்பதற்கு அது சான்று. கணினியில் வாசகனின் தடம் ஒரு நாள் அளவுக்கு மங்கலாக்கப்பட்டுவிட்டது.

அண்மைய திருத்தம் இன்னும் நுண்ணியது. கெர்னல் கோப்புகளுக்கு இடும் நேரம், கடிகாரத்தின் மெல்லிய துடிப்புக்கு ஒருமுறை, சில மில்லி விநாடிகளுக்கு ஒருமுறைதான் முன்னேறும். ஒரே துடிப்புக்குள் கோப்பு இருமுறை மாறினால் இரண்டுக்கும் ஒரே நேரம் விழும். வலைவழியே அக்கோப்பின் படியை வைத்திருக்கும் வேறு கணினி, நேரம் மாறவில்லையே என்று பழைய படியை நம்பியிருக்கும். ஒவ்வொரு முறையும் துல்லிய நேரம் இட்டால் ஐநோடு ஓயாமல் அழுக்காகும். ஜெஃப் லேட்டன் கண்ட வழி அழகானது: நேரத்தை யாரேனும் கேட்டுப் பார்த்திருந்தால் மட்டும் அடுத்த மாற்றத்துக்குத் துல்லிய நேரம் இடுவது, எவரும் கேட்காதபோது பருமட்டான நேரம் போதும். 2023-இல் இதைச் சேர்த்தார்கள், வெளியீட்டுக்கு முன்பே திரும்பப் பெற்றார்கள். துல்லிய நேரம் பெற்ற கோப்பைவிடப் பின்னால் மாறிய கோப்பு, பருமட்டான நேரம் பெற்றதால் முந்தியதாகத் தோன்றியது. முன்பின் குழம்பினால் நாளிட்டு என்ன பயன்? பருமட்டான நேரம் ஏற்கெனவே வழங்கிய துல்லிய நேரத்துக்குக் கீழே போகாதபடி ஒரு தரை அமைத்தபின், 2025 ஜனவரியில் வெளிவந்த 6.13 பதிப்பில் அது இடம்பெற்றது.

இத்தனை கவனமும் எதற்காக என்று எண்ணிப் பார்க்கையில் ஓர் உண்மை தெளிவாகிறது. கெர்னல் காப்பது பெட்டிக்குள்ளிருக்கும் பிரதியின் காலத்தை. நூலின் காலத்தை அன்று. கோப்பைச் சாதாரணமாகப் படியெடுத்தால் புதிய ஐநோடு பிறக்கும். அதில் விழுவது படியெடுத்த நேரம். மின்னஞ்சலில் அனுப்பினாலும் இணையத்திலிருந்து இறக்கினாலும் பெரும்பாலும் இதுவே கதி. ஆய்வு மாணவர் ஒருவர், கணினி காட்டிய தேதியை வைத்து ஒரு தட்டச்சுப் படி 2016-இல் உருவானது என்று எழுதிவந்தார். அது திஸ்கி எழுத்துருவில் இருந்தது. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய வழக்கு. கணினி சொன்னது, அது ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்கு மாறிய நாள்.

நம் பழைய ஏடெழுதியவர்கள் நாளைப் பெட்டியிடம் ஒப்படைக்கவில்லை. நூலின் இறுதியில், அதே ஓலையில், கொல்லம் ஆண்டும் மாதமும் தேதியும் எழுதினார்கள். யார் எழுதியது, யாருக்காக எழுதியது என்றும் சேர்த்தார்கள். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் கவிமணியின் முயற்சியால் வெளிவந்து நாஞ்சில் நாட்டு வரலாற்றுக்கு ஆதாரமாக நிற்பதற்கு, அவற்றுள்ளேயே நாள் இருந்தது ஒரு காரணம். கட்டு அவிழ்ந்து கைமாறினாலும் நாள் உடன்வந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் கோப்புகளைத் திறந்தால், நூலுக்கு முன்னே தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோர் பெயர்களைக் காணலாம். அவை எத்தனை முறை படியெடுக்கப்பட்டாலும் அக்குறிப்புகள் கூடவே போகின்றன. தொண்டர்களாகத் திரண்டவர்கள் அறிந்தோ அறியாமலோ ஏட்டு மரபைத் தொடர்ந்திருக்கிறார்கள் என்றே நாம் கருதுகிறோம்.

இப்போது வீடு வீடாகச் சென்று ஓலைகளையும் பத்திரங்களையும் செல்பேசியில் படம் எடுத்துவருகிறார்கள் மாணவர்கள். படத்துக்குள் கருவியே எழுதிவைக்கும் எடுத்த தேதியைக் குறுஞ்செய்திச் செயலிகள் அனுப்பும்போது பெரும்பாலும் களைந்துவிடுகின்றன; ஐநோட்டில் நிற்பது வந்துசேர்ந்த நேரம். ஆகவே படம் எடுக்குமுன் ஒரு துண்டுத்தாளில் ஊர், ஓலைக்கட்டின் அடையாளம், எடுத்த நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி, ஓலைக்குப் பக்கத்தில் வைத்து, அதுவும் படத்தில் விழும்படி எடுக்கச் சொல்கிறோம். துண்டுத்தாள் படத்தின் அழகைக் கெடுக்கிறது என்று அவர்களுக்குக் குறை. சிலர் அதை வெட்டிவிட்டுத்தான் நமக்கு அனுப்புகிறார்கள்.